பல் போட்ட கிடா

பக்ரீத்துக்கு முந்தின ஞாயிறு, பேரணாம்பட்டில் ஆட்டுச் சந்தைக்குள் நுழைந்ததுமே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் ஆடு அறுத்துப் பங்கு கொடுக்கப்போகும் முதல் குர்பானி! ஆம்பூர் ஷூ கம்பெனியில் வருஷம் முழுக்க மிஷின் மிதித்துச் சேர்த்தது. அதுவரை எங்கள் வீட்டுப் பெருநாள் பிரியாணி எல்லாம் தெருவில் குர்பானி கொடுத்தவர்கள் தந்த கறியில் ஆனதுதான். இந்த வருஷமாவது கொடுக்கிற பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில் இருந்தார். அதனால் சத்துவாச்சாரியில் மொபைல் கடை வைத்திருக்கும் என் தம்பியை இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆட்டைத் தட்டில் மட்டுமே பார்த்தவன் அவன்.

குர்பானி கொடுக்கும் ஆட்டுக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆட்டுக்கு எவன் பர்த் சர்டிபிகேட் தருவான்? பல்தான் சாட்சி. கீழ்த்தாடையில் நடுப் பால் பற்கள் விழுந்து, அங்கே அகலமாக இரண்டு முளைத்திருந்தால் பல் போட்ட கிடா, எடுக்கலாம். முளைக்காவிட்டால் எவ்வளவு கொழுத்திருந்தாலும் நம்பி எடுக்க முடியாது.

இதை வழியெல்லாம் பாடமாகச் சொல்லியும், தம்பி முதல் ஆட்டின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"ஆபா, இது கிழம்! ஒரு பல்லுகூட இல்ல!"

சுற்றி நின்ற வியாபாரிகள் சிரித்த சிரிப்பில் ஆடுகளே மிரண்டன. "எந்த ஆட்டுக்கும் மேல முன்பல்லு கெடையாது தம்பி, கீழ பாரு" என்றார் ஒருவர். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கிடாவைப் பார்த்தேன். மினுமினுவென்று, மாப்பிள்ளை மாதிரி நின்றது. இதுதான், இதேதான் என்று மனசு குதித்தது. உதட்டை இறக்கினால் வரிசையாகப் பொடிப் பொடிப் பற்கள். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா பாய், பால் பல்லைக் காட்டி ஏமாத்தறீங்களா?"

"தீனி ஜாஸ்தி போட்ட ஆடும்மா. பல்லு லேட்டா வரும். வயசு ஆய்டுச்சி."

"எடுத்துட்லாம் ஆபா. யாரு வாயத் திறந்து பாக்கப் போறாங்க?" என்றான் தம்பி.

"நான்தான் பாத்துட்டனேடா!"

மனசே இல்லாமல்தான் நகர்ந்தேன். அதற்குப் பிறகு ஒரே ஓட்டம். எத்தனை வாயைத் திறந்தேனோ, கையெல்லாம் எச்சில். நல்ல ஆடுகள் கண்முன்னே ஆட்டோ ஏறிப் போய்க்கொண்டிருந்தன. வெறுங்கையோடு திரும்பிவிடுவேனோ என்று அடுத்த வரிசைக்குப் பாய்ந்தேன். கடைசி மூலையில் செம்மண் நிறத்தில், ஒல்லியாக ஒரு கிடா. தம்பி முகத்தைச் சுளித்தான். உதட்டை இறக்கினேன். நடுவில் வெள்ளை வெளேரென்று இரண்டு பல்!

"போட்டிருக்குடா!" என்று நான் போட்ட கூச்சலில் சந்தையே திரும்பிப் பார்த்தது.

பெருநாளன்று முதல் பங்கைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, வருஷா வருஷம் எங்களுக்குக் கறி கொடுத்த தோல் மண்டிக்காரர் வீட்டுக்குத்தான் ஓடினேன். கதவைத் திறந்த அந்த வீட்டு ஆபா, "பாத்திரம் கொண்டாந்தியா? இரும்மா, இன்னும் பங்கு போடல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பினார்.

"கொண்டாந்திருக்கேன் ஆபா. இது உங்க பங்கு."

அவர் நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.