வெள்ளி இறக்கையில் ஒரு கட்டைவிரல்

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ் தேன்கனிக்கோட்டையில் வந்து நின்றதும், கண்டக்டர் படியிலிருந்து இறங்காமலே என் தச்சுக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மேஸ்திரி, ஓசூர் கரீம் பாய் போய்ட்டாருங்க. மூணு நாள் காய்ச்சலாம். மத்தியானம் அடக்கம்." இழைப்புளியைக் கீழே போட்டுவிட்டு, கையில் ஒட்டியிருந்த மரத்தூளைக்கூடத் தட்டாமல் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரிலும் சென்னையிலும் விமான டிக்கெட் விற்கும் ஆபீஸ்களில் மேஜை மேல் முழ நீளத்துக்கு ஒரு விமானம் நிற்குமே, அதைச் செய்வதுதான் அப்போது எங்கள் பிழைப்பு. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் முதலாளி நஞ்சப்பாவின் தகரக் கொட்டகை. மரத்தைச் செதுக்குவது நான். அதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு உலோகமாக்குவது பாய்.

அவருடைய அப்பாவும் தாத்தாவும் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்கள். சூடேற்றிய பாத்திரத்தில் ஈயத்தை உருக்கிவிட்டுப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுப்பார்கள் அல்லவா, அந்த இழுப்பு பாயின் மணிக்கட்டிலும் இருந்தது. மரத்துக்கு முதலில் கறுப்பு பெயிண்ட் அடித்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பார். "வெள்ளிக்கு அடியில கறுப்பு இருக்கணும் மேஸ்திரி. இல்லேன்னா சாம்பல் பூசின மாதிரி நிக்கும்" என்பார். அதன் மேல் அலுமினியப் பொடி கலந்த வார்னிஷை மெல்லிசாக அடித்து, காய்ந்தும் காயாத பதத்தில் வெறும் பொடியைப் பஞ்சில் தொட்டு ஓர் இழுப்பு. என் கையால் செதுக்கிய கட்டைதானா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பெங்களூர் விமான நிலையத்து வேலிக்கு வெளியே போய் நின்றார். நல்ல சித்திரை வெயில். காவலாளி இரண்டு முறை விரட்டினான். பாய் நாலடி நகர்ந்து மறுபடியும் நின்றார். "பாருங்க மேஸ்திரி, பத்து வீட்டுச் சொம்பை வரிசையா வெச்சா பத்தும் பத்து வெள்ளையா இருக்கும். இதுவும் அப்படித்தான், தகட்டுக்குத் தகடு வேற. எஞ்சின் புகை வர்ற எடத்தைப் பாருங்க, பால் காய்ச்சின குண்டான் அடி மாதிரி நீலமும் மஞ்சளுமா ஓடுது." அன்றிலிருந்து எங்கள் விமானங்களில் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு வெள்ளையாயிற்று. நஞ்சப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, பழைய பாத்திரம் மாதிரி இருக்கிறது, ஜொலிக்க வேண்டும் என்றார். "ஜொலிக்கணும்னா வெள்ளி வரக்குத் தாள் ஒட்டித் தரன் சாமி, பீடா மாதிரி இருக்கும்" என்றார் பாய். முதலாளி அதோடு அந்தப் பேச்சை விட்டார்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். அந்தப் பூச்சு முழுதாகக் காய்வதற்குள் விரல் பட்டால் போச்சு. ரேகை அப்படியே பதிந்துவிடும், துடைத்தாலும் போகாது. "ஒங்க ஜாதகத்தை ஜோசியர்கிட்ட காட்டுங்க, என் இறக்கையில காட்டாதீங்க" என்று கத்துவார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

விமானத் தொழிற்சாலையிலிருந்து ஓர் அதிகாரி பெரிய மாதிரி ஒன்று கேட்டிருந்தார். வேலை மனசுக்குப் பிடித்தால் பெயிண்டரைத் தொழிற்சாலையிலேயே சேர்த்துக்கொள்வதாக நஞ்சப்பாவிடம் சொல்லியிருந்தார். வேலிக்கு வெளியே நின்ற மனிதனுக்கு உள்ளே போக வழி கிடைத்தது. பாய் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ அது கெட்ட காலம். முந்தின மாதம்தான் ஒரு விமானத்தின் மூக்கு விசிறியை உடைத்திருந்தேன். இன்னொரு தப்பு நடந்தால் சொந்த ஊரான சாமல்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம்.

அதிகாரி வருவதாக இருந்த நாள் வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் கண்ணால மட்டும் பாருங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருப்பது போலத் தெரிந்தது. அது என் வேலையில் குறை. பயம் வந்துவிட்டது. இறக்கையை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். இடைவெளி எதுவும் இல்லை. கீழே வைத்தபோது வலது இறக்கையின் நடுவில் என் கட்டைவிரல் இருந்தது, உளி வெட்டிய தழும்பின் கோடு உள்பட.

பாய் திரும்பி வந்தார். இறக்கையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். கத்தவில்லை. அதற்குள் நஞ்சப்பாவும் அதிகாரியும் உள்ளே வந்துவிட்டார்கள். "இதன்ன யாரு மாடித்து?" என்று முதலாளி கன்னடத்தில் உறுமினார். இதை யார் செய்தது என்று கேட்டார்.

"நானே, சாமி" என்றார் பாய். "காயறதுக்கு முன்ன தொட்டுட்டன்."

நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றேன். பெயிண்ட் காயும் வரை பொறுக்காத பெயிண்டர் நமக்கு ஆகாது என்று சிரித்துக்கொண்டே அதிகாரி போய்விட்டார். பத்து நாளில் புது இறக்கை பூட்டி அந்த விமானம் பெங்களூர் போயிற்று. பாய் போகவில்லை.

நாலு பாஷை படிக்கத் தெரிந்த அந்த மனிதருக்கு நீங்கள் 'கைநாட்டு பாய்' என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். டீக்கடையில் கூப்பிட்டுச் சிரித்தீர்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஒரே ஒரு முறை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நெஜ விமானத்துக்குப் பெயிண்டே கெடையாது மேஸ்திரி. அது வெறும் ஒடம்போட பறக்குது. அங்க எனக்கு என்ன வேலை? மரத்தைத் தகடுன்னு பொய் சொல்றதுக்குத்தான் என்னை மாதிரி ஆளு வேணும்." கொஞ்ச தூரம் போன பிறகு, "கொழந்தை நல்லாயிருக்குதா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் பேசவிடவில்லை. பேசவிடவில்லை என்பதும் சாக்குத்தான். பேச நினைத்திருந்தால் எனக்கு ஆறு வருஷம் இருந்தது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

அடக்கம் முடிந்து புறப்படும்போது அவருடைய அக்கா என்னைக் கூப்பிட்டார். பழைய பருத்தித் துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தார். "இது ஒங்களுதாம். காய்ச்சல்லயும் ரெண்டு தடவை சொன்னான், மேஸ்திரிகிட்ட பத்திரமா குடுத்துடுன்னு."

பிரித்தேன். அதே வலது இறக்கை. ரேகை அழியாமலிருக்க அதன் மேல் இன்னொரு கை வார்னிஷ் அடித்து வைத்திருந்தார். தழும்பின் கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு எதிரில் அழுதுவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இறக்கைதான். கடைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கிறேன். நேற்று கட்டில் கால் செய்யச் சொல்ல வந்த ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான வேலையை யாருங்க இப்படித் தொட்டுக் கெடுத்தது?" என்று கேட்டார்.

"நானே" என்றேன்.