நகரத்திலேயே சூடான வீடு

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு வெயில் மேடம் என்று பெயர். அதற்கு முன்பு பெயர் வைக்கிற அளவுக்கு யாரும் அவளைக் கவனித்ததில்லை. பிறப்பு இறப்புப் பதிவில் தானுண்டு தன் வேலையுண்டு என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். ஊருக்கு ஒரு காலநிலைச் செயல்திட்டம் தயாரிக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தபோது, "நீங்கதான் மேடம் பொறுமைசாலி" என்று சொல்லி ஆளாளுக்கு நழுவி, அதை இவள் தலையில் கட்டிவிட்டார்கள். பொறுமைசாலி என்றால் முடியாது என்று சொல்லத் தெரியாதவள் என்று பொருள். எல்லா அலுவலகத்திலும் இதே அகராதிதான்.

கட்டிவிட்டவர்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. எந்தத் தெருவில் மரமில்லை, எந்தப் பஸ் நிறுத்தத்தில் நிழலில்லை, மழை பெய்தால் எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று செருப்புத் தேய அலைந்தாள். வீட்டிலும் அதே பேச்சு. "அம்மா, சாப்பாட்டோட சூட்டையாவது குறைக்காம விடு" என்று மகள் கிண்டல் செய்வாள்.

எல்லாவற்றிலும் பெரிய பாடு, மீட்டர் வைத்ததுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. வீட்டுக்குள் வைத்தால் அங்குள்ள சூட்டை அளந்து தானாகவே அலுவலகக் கணினிக்கு அனுப்பிவிடும். எந்த வீடு அதிகம் கொதிக்கிறதோ அதன் கூரைக்கு முதலில் சூட்டைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு என்பது திட்டம். வாசலில் நின்று இதைச் சொன்னால், "நாங்க பேசுறதை எல்லாம் இது கேக்குமா?" என்று ஜனங்கள் கதவைப் பாதி மூடிக்கொண்டு விசாரித்தார்கள். வைக்கிறேன் என்று தலையாட்டிய ஒருவர், சூடான வீடு என்று பெயர் வந்துவிட்டால் வாடகைக்கு யார் வருவார்கள் என்று கடைசி நாளில் கைவிரித்துவிட்டார். மிஞ்சிய மீட்டரைக் கொண்டுபோய்த் தன் வீட்டு மொட்டைமாடி அறையில், மாமனாரிடம் கொடுத்து, பதிவில் 'முதியவர் தனி அறை' என்று குறித்துவிட்டு மறந்துபோனாள்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு கீழே இருந்த தன் அறையைப் படிக்கிற பேத்திக்கு விட்டுக்கொடுத்து, "மேல நல்லா காத்து வருதும்மா" என்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்த அறைக்குத் தானே பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர். காலையிலும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு மட்டும் வெளிப்படி வழியாக இறங்கி வருவார். துணி உலர்த்த அவள் மாடி ஏறுவது விடியற்காலையில். அப்போது அங்கே நிஜமாகவே காற்று வரும்.

திட்டத்தின் முதல் வரைவை ஆணையரிடம் காட்டுகிற நாள் வந்தது. பகல் வேளை, கூட்ட அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் திரையில் நகர வரைபடத்தைப் போட்டார். மஞ்சள் புள்ளிகள், ஆரஞ்சுப் புள்ளிகள், நடுவே ஒரே ஒரு கடும் சிவப்பு.

"இங்க மனுஷங்க இருக்காங்களா, குடோனா?" என்று கேட்டார் ஆணையர் அம்மா.

"வீடுதான் மேடம். வயசானவர் தனியா இருக்கிற ரூம்னு பதிவாயிருக்கு."

"ஐயோ பாவம்" என்று முதலில் உச்சுக் கொட்டியவள் வெயில் மேடம்தான். "யாரு இப்படி வச்சிருக்காங்க?" என்று வேறு கேட்டாள்.

இன்ஜினியர் படத்தைப் பெரிதாக்கினார், புள்ளியருகே சூட்டின் அளவும் வந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதையொட்டி மாவு மில், மில்லுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாவு மில்லுக்குப் பின்னால் இருப்பது ஒரே வீடு. அவள் தினமும் கீழ்வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற வீடு.

"எனக்கென்னவோ இது மீட்டர் கோளாறுன்னு தோணுது" என்று இன்ஜினியர் வெயில் மேடம் பக்கம் திரும்பினார். "திடீர்னு இறங்குது, திடீர்னு எகிறுது. எந்த வீடும் இப்படிக் காட்டல. எடுத்துடலாமா மேடம்?"

அவள் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டாள். வெட்கம் பாதி, நம்பிக்கை பாதி. கோளாறாகவே இருந்துவிடட்டும் என்று மனசு கெஞ்சியது. 'முதியோர் தனித்திருக்கும் மேல்மாடி அறைகளுக்கு முதல் கவனம்' என்று அந்த வரைவில் தட்டச்சு செய்ததும் இவள்தான். எழுதும்போது அவளுக்கு ஊரெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, சொந்த வீட்டு மாடி தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்வதாக முனகிவிட்டு, வேகாத வெயிலில் ஆட்டோ பிடித்தாள்.

மாடிக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. அறைக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அனல் அடித்தது, பின்வாங்கிவிட்டாள். மாமனார் சட்டையில்லாமல் வெறுந்தரையில் படுத்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு மேஜை விசிறி. அது அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. மூலையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக மீட்டர், உறையைச் சுற்றி ஈரத்துண்டு. விசிறி அதற்கு வீசிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா இது?" அவள் ஈரத்துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "ஆபீஸ் சாமான்ம்மா. இந்தச் சூட்டுல கெட்டுப்போச்சுன்னா உன்னைத்தானே கேப்பாங்க? துண்டு சீக்கிரம் காஞ்சுடுது. கண்ணு அசந்துட்டா அதுவும் சூடாயிடுது. முழிச்சதும் நனைச்சுப் போட்டுடறேன்."

"நீங்க விசிறி இல்லாம கிடக்கறீங்களே?"

"எனக்கென்ன. பழகிடுச்சு."

அவள் துண்டை உருவி, உறையைப் பிரித்து, மீட்டரை அவர் படுத்திருந்த இடத்தில் வைத்தாள். அதன் சின்னத் திரையில் எண் ஏறியது. கூட்ட அறையில் பார்த்த அளவைத் தொட்டது, தாண்டியது, இன்னும் ஏறியது. இத்தனை நாளும் இந்த மனிதர் இதற்குள்தான் கிடந்திருக்கிறார். சாப்பிட இறங்கி வரும்போதெல்லாம் இவள் வாயால் ஊர்ச் சூட்டைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு இன்ஜினியரைப் போனில் அழைத்தாள்.

"சார், அந்தச் சிவப்புப் புள்ளியை எடுத்துடாதீங்க. அது எங்க வீடு. எங்க மாமனார் ரூம்."

"அப்ப மீட்டர்ல கோளாறு இல்லையா மேடம்?"

"இருக்கறதைவிடக் கம்மியாத்தான் சார் காட்டியிருக்கு. ஆணையர் அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன். இப்ப இவரைக் கீழ கூட்டிட்டுப் போகணும்."

போனை வைத்துவிட்டுத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரை எழுப்பக் கை நீட்டினாள். அவர் கையைப் பிடிக்கவில்லை. தரையில் கிடந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பயந்துபோயிருந்தது.

"கெட்டுப்போச்சாம்மா?" என்றார். "நான் பத்திரமாத்தானே பார்த்துக்கிட்டேன்."