மூன்று சுற்று, உயர் ரகம்

கூடத்துக் கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறப்பதற்கு முன் தம்பியார் இரண்டு கைக்கும் வெள்ளை உறை மாட்டிக்கொள்கிறார். இடது கைக்கு முதலில், விரல் விரலாக. பிறகு வலது கைக்கு. அப்புறம் ஒரு ஸ்பேனரைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்து எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்து, எடுத்த இடத்திலேயே படுக்க வைக்கிறார். அவருடைய அப்பா லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிடித்த ஸ்பேனர் அது. கிரீஸில் ஊறாத நாள் கிடையாது. இப்போது மகனுடைய விரல் வியர்வை பட்டால் துரு ஏறிவிடுமாம்.

தம்பியாருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆபீஸில் பதிவேட்டு அறை உத்தியோகம். இருபத்தெட்டு வருஷமாகக் கோப்புகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிறார். சைக்கிளில் செயின் கழன்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருகிற ஆள். சின்ன வயசில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சொன்னால், தூக்குச்சட்டியைப் பட்டறை வாசலில் வைத்துவிட்டு, "ஆயில் நாத்தம் குடலைப் புரட்டுது" என்று ஒரே ஓட்டம்.

அப்பாவோடு நின்றவள் அக்காள். படிப்பு எட்டாவதோடு சரி. முதலில் விளக்குப் பிடித்தாள், பிறகு விழுந்த நட்டைப் பொறுக்கினாள், பிறகு அப்பா பிரித்ததைப் பூட்டினாள், கடைசியில் அப்பாவால் பிரிக்க முடியாததைப் பிரித்தாள். இன்றைக்கும் அப்பாவின் பட்டறையான அதே தகரக் கொட்டகையில் பம்பு, மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் அவள் கைபட்டுத்தான் உயிர் பெறுகின்றன. கொட்டகைக்கும் தம்பியார் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. இருமினால் காதில் விழும் தூரம்.

அப்பா கண்ணை மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "கம்பி சுத்தினதெல்லாம் வீடு போய்ச் சேரணும்மா. இரவல் சாமானை ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டான்னு எவன் வாயிலயும் நான் விழக் கூடாது."

கம்பி என்றால் செம்புக் கம்பி. யாரிடமாவது கருவி இரவல் வாங்கினால், தன்னுடையதோடு கலந்துவிடாமல் இருக்க, பிடியில் செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்கிவிடுவார் அப்பா. ஒரு சுற்று என்றால் பக்கத்து லேத்துக்காரருடையது. இரண்டு சுற்று, தகரவேலைக்காரருடையது. மூன்று சுற்று, பேட்டரிக்கடைக்காரருடையது. எழுதப் படிக்கத் தெரியாதவருடைய கணக்குப் புத்தகம் அது. கடைசி இரண்டு வருஷம் கால் விழுந்துவிட்டதால் திருப்பிக் கொடுக்க நடக்க முடியவில்லை, அவருடைய கருவிப் பெட்டியிலேயே தங்கிவிட்டன.

அக்காள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் சாவு வீட்டு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போன வண்டியிலேயே தம்பியார் அப்பாவின் இரும்புப் பெட்டியையும் ஏற்றிவிட்டார். "ஆம்பளப் பிள்ளைக்கு வரவேண்டியது" என்றார். சுத்தியலுக்கும் ஆம்பளை பொம்பளை உண்டு என்று அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வைத்துக் கைபேசியில் படம் பிடிப்பார். பழம்பொருள் சேர்க்கிறவர்களின் குழு ஒன்று கைபேசிக்குள் இருக்கிறது. அதில் போடுவார். ஒருவன் ஒன்று சொல்வான், இன்னொருவன் அதற்கு மேல் நூறு வருஷம் கூட்டுவான். அதிக வயது சொன்னவன் பேச்சே கருவிக்குப் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் ஏறும். வால்வு இடைவெளி பார்க்கிற தகடுகள் "பழங்காலச் சவரக் கத்தி, பன்னிரண்டு இலை" ஆயின. வால்வு ஸ்பிரிங்கை அமுக்குகிற கவ்வி "லாடம் அடிப்போர் குதிரைக் காலைப் பிடிக்கும் கருவி" ஆனது. இந்த ஊரில் குதிரையை அவர் படத்தில் பார்த்ததோடு சரி. சந்துக்கு அந்தப் பக்கம் போய் அக்காளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. ஆனால் கேட்டால் அவளுக்குத் தெரியும் என்று ஆகிவிடுமே.

செம்புக் கம்பியில்தான் அவருடைய மூளை முழு வேகம் எடுத்தது. அது ஏதோ அயல்நாட்டுக் கம்பெனியின் முத்திரை என்று முடிவு கட்டினார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். 'செம்புப் பூண், ஒரு சுற்று: சாதாரண ரகம். இரண்டு சுற்று: நடுத்தரம். மூன்று சுற்று: உயர் ரகம்' என்று ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மாட்டினார். பேட்டரிக்கடைக்காரர் இப்படியாக உயர் ரகம் ஆனார்.

பூண் இல்லாதவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டியில் இடமில்லை. அவை எங்கே போயின என்பது அக்காளுக்கு ஒரு பம்பைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

"டேய், அந்தக் கழுத்து வளைஞ்ச பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் குடு."

"வளைஞ்சது நெளிஞ்சதெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சுக்கா. நல்ல கண்டிஷன்ல இருக்கிற பீஸ் மட்டும்தான் வெச்சிருக்கேன்."

"அது தானா வளையலடா. உள்ளே ஒளிஞ்சிருக்கிற நட்டுக்காக அப்பா பழுக்கக் காய்ச்சி வளைச்சாரு. ஒரு வாரம் உட்கார்ந்து அரத்தால ராவினாரு."

"பாவம், புதுசு வாங்க வசதியில்ல போல."

அக்காள் கண்ணாடிப் பெட்டியைக் கைகாட்டினாள். "நீ தூக்கிப் போட்டது பூரா அப்பாவோடது. கண்ணாடிக்குள்ள வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கிறது பூரா ஊரான் வீட்டு சாமான். கம்பி சுத்தினது இரவல்டா. திருப்பிக் குடுத்துடு, அப்பா கேட்டுக்கிட்டுப் போயிருக்காரு."

தம்பியார் சிரித்தார். சீட்டு ஒட்டத் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "உனக்கு ரிப்பேர் தெரியும்க்கா. இது வேற. இது ஹிஸ்டரி."

"ஆபீஸுக்கு லீவு போட்டுக் கண்டுபிடிச்சிருக்காரு அண்ணி. கண்ணு போடாதீங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. அவளும்தான் என்ன செய்வாள், வீட்டுக் கூடத்தில் துணி மடிக்க இடமில்லாமல் செய்த பெட்டியை நியாயப்படுத்தியாக வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை குழுவிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். மூவரும் பெட்டிக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றார்கள். தம்பியார் உறை மாட்டிய விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "அப்பா இதை உயிரா வெச்சிருந்தாரு, என் கையில குடுத்துட்டுத்தான் கண்ணை மூடினாரு" என்று அளந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்காள் லேத்துக்காரரைக் கையோடு அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எண்பதை எட்டிய மனிதர். இரும்புத்தூள் ஏறிக் கறுத்த நகம்.

தம்பியார் அப்போது பேரிங் கழற்றுகிற மூன்று கால் புல்லரைக் கையில் வைத்திருந்தார். "ஒரு சுற்றுதான், ஆனா அபூர்வமான பீஸ். பாருங்க, திருகு இடப்பக்கமா திருப்பினாத்தான் இறங்கும். இடக்கைக்காரர் யாருக்கோ ஆர்டர் பேர்ல செஞ்சிருக்காங்க."

லேத்துக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, நான் சோத்துக் கைக்காரன்தாம்ப்பா. அன்னைக்கு லேத்துல கியரை மாத்திப் போட்டுட்டேன், மரை இடமா விழுந்துடுச்சு. இரும்பை வீணாக்க மனசில்லாம அதுக்குத் தோதா நட்டையும் இடமாவே கடைஞ்சேன். இந்தப் புல்லரை வெச்சு உங்கப்பன் என்னை எவ்வளவு கேலி பண்ணியிருக்கான்! கோணக்கையன் புல்லர்னுதான் கேப்பான். காலுக்கு உள்பக்கம் பாரு, என் அடையாளம் உளியால கொத்தியிருக்கும்."

வந்தவர்களில் ஒருவர் புல்லரின் காலைத் திருப்பிப் பார்த்தார். கொத்தியிருந்தது. மூன்று பேரும் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த அட்டையை ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு பளபளக்கும் பூண்களை வரிசையாகப் பார்த்தார்கள், பிறகு தம்பியாரைப் பார்த்தார்கள்.

"அதைப் பெரியவர்கிட்ட குடுடா" என்றாள் அக்காள். குரலை உயர்த்தவில்லை. "மத்ததை நான் வீடு வீடா கொண்டுபோய்ச் சேத்துக்கறேன்."

தம்பியாரின் முகம் வெளுத்தது. ஆனால் இருபத்தெட்டு வருஷ உத்தியோகம் சும்மாவா? காணாமல் போன கோப்பைக்கூட மேலதிகாரி உத்தரவின்படி அனுப்பப்பட்டது என்று எழுதிப் பழகியவர். தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரை இழுத்துவிட்டார். கைபேசியை எடுத்து அக்காளின் கையில் திணித்தார்.

"ஒரு நிமிஷம்க்கா. பெட்டியும் சேர்ந்து விழுற மாதிரி எடு."

லேத்துக்காரரின் தோளில் கை போட்டு அவரைப் பக்கத்தில் நிறுத்தினார். அந்த மூன்று பேரையும் பின்னால் வரிசையாக நிற்கச் சொன்னார். பரிசு வழங்குகிறவர்போல இரண்டு கையாலும் புல்லரை நீட்டினார். கிழவர் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பல் தெரியச் சிரித்தபடி, கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமல், தம்பியார் புல்லரின் தன் பக்கத்துக் காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.