முதிரை என்று காட்டிய படம்

லொறியை மறித்து மரத்தின் பெயர் சொல்லும் வேலைக்கு வந்த பிறகு, வீதியில் கண்டால் சிரிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்; மறிக்கிற வேலை ஏதும் பார்த்திருந்தால் உங்களுக்கு இது விளங்கும்.

வேம்போ வேம்பு

கைபேசியில் ஒரு சின்ன வில்லை பூட்டியிருக்கும். மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவி, நனைத்து, படம் எடுத்தால் என்ன மரம் என்று காட்டும். பழைய படங்களைப் பார்த்துப் பழகித்தான் அது மரம் அறியும். தட்டித் தட்டி நானாகவே படித்து, அதைப் பழக்கியவன் நான். முதல் மாதம் பாலையையும் வேம்பு என்றது, மருதையும் வேம்பு என்றது. பிழை என்னுடையது. மனைவி இறந்த வருடம் அது. வெளியே போக மனமில்லாமல், என் வீட்டு வளவு வேம்புகளையே சீவிச் சீவிப் படம் எடுத்திருந்தேன். முல்லைத்தீவு விறகு வியாபாரி ஒருவர் கேட்டார்: “ஐயா, உங்கட போன் வேப்பமரத்தடியில பிறந்ததோ?”

கறுப்பு ஒயில்

காடு காடாகச் சுற்றித் துண்டுகள் சேர்த்து அதைத் திருத்தினேன். பிறகு வந்த ஒரு லொறியில், மரக்குற்றிகளின் முகமெல்லாம் கழிவு ஒயில் பூசியிருந்தது. சாரதி வேம்பு என்று சத்தியம் செய்தார். இரண்டு விரற்கடை ஆழம் சீவினேன், மஞ்சள் தெரிந்தது. கைபேசி முதிரை என்று காட்டியது; பெர்மிட் இல்லாமல் ஏற்றக்கூடாத காட்டு மரம். சாரதி பெருமூச்சு விட்டார்: “மனிசரெண்டால் கதைச்சுப் பாக்கலாம். இதோட என்னத்தைக் கதைக்கிறது?”

ஐந்து குற்றிகள்

உடையார்கட்டிலிருந்து ஒரு அம்மா, உழவு இயந்திரப் பெட்டியில் ஐந்து குற்றிகளோடு வந்தா. பெர்மிட் இல்லை. புது வீட்டுக்கு வாசல்நிலை செய்ய, சண்டைக்காலத்துப் பதுங்கு பங்கரைத் தோண்டி எடுத்தவையாம். சீவும்போது மண் உதிர்ந்தது. முனையில் இருந்தது பழைய கோடாலி வெட்டு. நானும் பங்கருக்கு முதிரை தறித்தவன். என் மனைவி அதற்குக் கீழே இருந்து தப்பியவள். பழைய பங்கர் மரம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் விட்டிருக்கக்கூடும். கைபேசி சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில், முதிரை என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். வன இலாகாக்காரர் குற்றிகளை இறக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா கைபேசியை எட்டிப் பார்த்தா. “எல்லாம் காட்டுமெண்டுறீங்கள். ஷெல்லடிக்கேக்க நாங்கள் இதுக்குக் கீழ இருந்ததைக் காட்டேல்லையோ?”

என் கைபேசி இப்போது முதிரையைத் தவறவிடுவதில்லை. அந்த அம்மாவின் வாசலில் இன்னும் பழைய சேலைதான் தொங்குகிறது, அந்த வழியால் போகும்போது நான் எதிர்ப்பக்க வேம்புகளைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.