துபாய் கடிகாரத்தில் ஒன்பது மணி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவள் நான். டிக்கெட்டிங்குக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கீழப்பாவூரிலிருந்து பஸ் பிடித்து, தென்காசியில் ஒரு டிராவல்ஸுக்கு வந்துபோன காலம். துபாயிலிருந்து திருவனந்தபுரம் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், ஃப்ளைட் டைம் நாலு மணி நேரம். இது மனப்பாடமானதுமே எல்லாம் தெரிந்த நினைப்பு வந்துவிட்டது. அப்போதுதான் ஷமீமா வந்தாள். மூன்று நாளில் அவளுக்கு நிக்காஹ்; அவள் அப்பாவுக்கு துபாயில் வேலை.

"அக்கா, அத்தாவுக்கு லீவு கெடச்சிருச்சு! கல்யாணத்தன்னைக்கு வெள்ளன அஞ்சு மணிக்கு துபாய்ல ஏறுதாங்க. கம்பெனியில போட்ட டிக்கெட்டு. இங்க எப்ப வருவாங்க? நேர்ல பாத்து ஆறு வருஷமாச்சு."

"அஞ்சும் நாலும் ஒன்பது. ஒன்பதுக்கு இறங்கினா ஒரு மணிக்குள்ள மண்டபத்துல இருப்பாங்க" என்றேன். அதை நம்பி, பதினொரு மணி நிக்காஹை லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பிறகு ஒன்றரைக்குத் தள்ளி வைத்தார்கள்.

கல்யாணத்தன்று காலை ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் டிரைவர் கணேசன் போன் செய்தார்.

"எக்கா, ஒம்போதுன்னு சொன்னிய. போர்டுல பத்தரைன்னுல்லா போட்டிருக்கு?"

நான் கூட்டிச் சொன்ன ஒன்பது, துபாய் கடிகாரத்தின் ஒன்பது. நம் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதை மறந்தே போனேன். அவள் அத்தா வெளியே வந்து, மலைப்பாதை தாண்டி, குற்றால சீசன் கூட்டத்தில் ஊர்ந்து வர இரண்டரை ஆகிவிடும்.

ஆட்டோ பிடித்து மண்டபத்துக்கு ஓடினேன். மணப்பெண் அறையில் ஷமீமாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அழாதீங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

ஒன்றரைக்கு அவள் சாச்சா, அத்தாவின் தம்பி, சாட்சிகள் இருவரோடு பதிவேட்டைக் கொண்டுவந்தார்.

"சம்மதமாம்மா?"

"சம்மதந்தான் சாச்சா. ஆனா அத்தா வந்தாத்தான் கையெழுத்து."

"ஏட்டி, ஒருதரம் நேரத்த மாத்தியாச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க!"

அவள் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு என்னுடையது என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"ஒன்றர மணி நேரம் எங்கம்மா போச்சு?" என்று சாச்சா என்னைக் கேட்டார்.

மாப்பிள்ளையிடமிருந்து ஆள் வந்தது. "இருக்கட்டும். நானும் துபாய்லேருந்து லீவுல வந்தவன்தான்" என்று சொல்லியனுப்பியிருந்தார். சாச்சா பதிவேட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாற்பதுக்குக் கார் வந்து நின்றது. சாரலில் நனைந்த டிராலி பேக்கை இழுத்துக்கொண்டு அத்தா உள்ளே ஓடிவந்தார்.

"தாமசமாயிருச்சோம்மா?"

ஷமீமா பேனாவைத் திறந்தாள். "இல்லத்தா. இப்பதான் கையெழுத்து கேட்டாங்க."

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து "எப்ப வருவாங்க?" என்று யார் கேட்டாலும், எந்த ஊர் மணி என்று பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. இப்போது ஷமீமா புருஷனோடு துபாயில் இருக்கிறாள். அத்தா வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் அவளிடமிருந்து மெசேஜ்: "பத்தரைக்கு இறங்குதோம், நம்ம ஊரு மணிக்கு. அத்தாட்ட சொல்லிருங்கக்கா."

இரண்டு தடவை சொன்னேன். மனுஷர் ஒன்பது மணிக்கே ஏர்போர்ட்டில் போய் நின்றுவிட்டார்.