கதவு சாத்தும் சத்தம் வரை

அம்மாவுக்கு ஒரு படம் முழுதும் மனப்பாடம். ஆனால் அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அபிராமத்துக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில் சடங்கோ காதுகுத்தோ நடந்தால் வேப்பமர உச்சியில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். பாட்டெல்லாம் ஓடி முடிந்த பிறகு கதை வசனக் கேசட் போடுவார்கள். ஒரு முழுப் படத்தின் பேச்சையும் பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிய கேசட். விசேஷ வீட்டில் பந்தி வேலை இருக்கும், அங்கே யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. சுற்றியிருந்த கொல்லைகளில் மிளகாய்ப்பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் உண்மையில் கேட்டவர்கள். காற்று திரும்பினால் நாலு வரி போய்விடும். போன வரிகளை அடுத்த விசேஷத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அம்மா அந்தப் படத்தைப் பார்க்காததற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. ஒன்று, வயசுப் பெண்களைக் கொட்டகைக்கு அனுப்பும் வீடு இல்லை அது. இரண்டு, கல்யாணத்துக்குப் பிறகு படம் எங்கும் ஓடவில்லை. மூன்று, ஒரே ஒரு தடவை தொலைக்காட்சியில் போட்டபோது மழை, கரண்ட் இல்லை.

ஆகவே நான் வளர்ந்தது அம்மா சொன்ன படத்தில். மிளகாய் வத்தலில் சொத்தை பொறுக்க உட்கார்ந்தால் அவள் ஆரம்பித்துவிடுவாள். கதாநாயகனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல். புருஷன் கதாநாயகியைச் சந்தேகப்பட்டுப் பேசுவான். அவள் சொல்வாள்: "இன்னும் ஒரு சொல் பேசினால் நான் சும்மா இருக்கமாட்டேன்!" அந்த இடத்தில் அம்மா இரண்டு கைகளையும் பளாரென்று தட்டுவாள். கையிலிருந்த மிளகாய்த் தூசி பறந்து, உட்கார்ந்திருந்த எல்லாரும் தும்முவோம். புருஷனுக்குக் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டுக் கதாநாயகி நடந்து போவாள். நாலு காலடி, கதவு சாத்தும் சத்தம். கேசட்டில் முதல் பக்கம் அத்தோடு முடியும். ஒலிபெருக்கிச் செட்டுக்காரர் சாப்பிட்டு வந்துதான் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போடுவாராம், அதில் கதை சில வருஷம் தள்ளித் தொடங்கும். அந்த இடைவெளியில் அவள் எங்கே போனாள், என்ன ஆனாள் என்பதை வரப்பில் நின்ற பெண்களே பேசி முடிவு செய்தார்கள். அம்மாவின் கணக்கில் அவள் டீச்சர் ஆனாள்.

இந்தக் கதைக்கு எங்கள் வீட்டில் ஓர் எதிரி உண்டு. அய்யாவின் அக்கா, தொண்டியில் வாழ்க்கைப்பட்ட அத்தை. கருவாட்டுப் பையோடு வந்து இறங்கினால் இரண்டாம் நாள் சண்டை வந்துவிடும்.

"ஏ புள்ள, அடிச்சது அவன். அடி வாங்குனது அவ. தொண்டிக் கொட்டகையில இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"சும்மா இருங்க மதினி. தொண்டிக்காரன் ரீலை மாத்தி ஓட்டிருப்பான். உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஆமா, கொட்டகையில உக்காந்து பாத்த எனக்குத் தெரியாது. கொல்லையில குனிஞ்சு நின்ன உனக்குத் தெரியும்!"

என் பள்ளிக்கூட நாள் முழுக்க இந்தச் சண்டை நடந்தது. நான் எப்போதும் அம்மா பக்கம்.

இந்த வருஷம் பங்குனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க மூன்று வாரம் அனுமதி வாங்கி ஊருக்கு வந்தேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு மதிய இடைவேளையில் சும்மா தேடியபோது, யாரோ அந்தப் படத்தை முழுதாக இணையத்தில் ஏற்றியிருந்தது கண்ணில் பட்டது. சொன்னதும் அம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"நெசமாவா? ஞாயித்துக்கெழமை போடு. மதினியும் வாராங்கள்ல, அன்னைக்குத் தெரிஞ்சுரும் யாரு சொன்னது சரின்னு."

எதையும் அடுத்தவர் கையில் கொடுக்கும் முன் ஓட்டிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். முந்தின நாள் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். கூடவே பட்டியலும் போட்டேன். நிமிடம், குறை, காரணம் என்று மூன்று கட்டம். கடல் துணியில் வரைந்தது, அலை அசையவில்லை. காதோரம் நரைத்த கதாநாயகன் கல்லூரிக்குப் போகிறான். மழை ஒருவர் மேல் மட்டும் பெய்கிறது. தலையில் அடிபட்டுப் போன நினைவு, தலையில் அடிபட்டுத் திரும்பி வருகிறது. இப்படி எட்டு வந்தன. ஒன்பதாவது, அந்தக் கன்னத்து அறை. அத்தை சொன்னதுதான் சரி. அவன் அடிக்கிறான். காலடிச் சத்தம் அவனுடையது, கதவைச் சாத்துவதும் அவனே. கேசட்டில் இல்லாத ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. அவள் ஓடிப்போய் அவன் காலைப் பிடித்து, "தவறு என்னுடையதுதான்" என்கிறாள்.

படம் முடியும்போது பன்னிரண்டு குறைகள் இருந்தன. காரணம் என்ற கட்டத்தில் பன்னிரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதியிருந்தேன்: பழசு.

எனக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. அம்மாவிடம் இருந்த படம் இதைவிட நல்ல படம். ஞாயிற்றுக்கிழமை அதை நான் என் கையாலேயே அவளிடமிருந்து எடுத்துவிடப் போகிறேன், அதுவும் அத்தைக்கு முன்னால். அந்த இரண்டு நிமிடத்தைத் தாவிவிடலாம் என்று முடிவு செய்து நிமிடக் கணக்கைக் குறித்துவைத்தேன்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, போனிலிருந்து டிவிக்கு இணைத்தேன். அம்மா வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். முதல் வசனத்திலிருந்தே அவள் உதடுகள் படத்துக்கு அரை நொடி முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஆட்களைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. "இவனா அவன்? இம்புட்டுக் குட்டையா?" என்றாள்.

துணிக்கடல் வந்தது. அத்தை சிரித்தாள். "இந்தக் கடல்ல நண்டு கூடத் தேறாது."

"பேசாமப் பாருங்க மதினி. கடல்னு தெரியுதுல்ல, அது போதும்."

அந்த இடம் நெருங்கியது. என் விரல் ரிமோட்டின் மேல் இருந்தது. அம்மா திரும்பாமலே கேட்டாள்: "ஏத்தா, படம் போட்டதுலருந்து அதைக் கையிலயே பிடிச்சிருக்க, எதுக்கு? கீழ வையி."

வைத்துவிட்டேன்.

"இன்னும் ஒரு சொல் பேசினால்" என்று கதாநாயகி தொடங்க, அம்மா தட்டுவதற்குக் கைகளை விரித்தாள். பளார் என்ற சத்தம் டிவியிலிருந்து மட்டும் வந்தது. அவள் கைகள் விரித்தபடியே நின்றன. காலடி, கதவு. பிறகு காலைப் பிடித்துக்கொண்டு அழுகை. அம்மா கைகளை மெல்ல மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு கடைசி வரை அவள் உதடு அசையவில்லை.

படம் முடிந்ததும் அத்தை கேலி பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னதுதான் சரி மதினி," என்றாள் அம்மா.

"சரியா இருந்து என்ன செய்ய? அங்கன கொட்டகையில பாத்தப்பவே எனக்கு ஆகல. பக்கத்துல இருந்தவ எந்திரிச்சே போயிட்டா. நானும் போயிருப்பேன், உங்கண்ணன் டிக்கெட்டு எடுத்துட்டாரேன்னு உக்காந்திருந்தேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தொண்டியில எங்க தெருப்பொம்பளைகளுக்கு நான் சொல்லிக்கிட்டு இருக்கது உன் கதையத்தான்."

"என்னது?"

"அவ அடிச்சுட்டுப் போயி டீச்சரானதுதான். அதுதானே கேக்க நல்லாருக்கு."

"அப்ப இத்தன வருசம் எங்கிட்ட வம்புக்கு நின்னது?"

"உங்கிட்ட வம்பு பண்ணாம வேற யாருகிட்டப் போயி பண்ணுவேன்?"

அம்மா செம்பைக் கையில் வைத்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

அன்று மாலை பட்டியலைத் திறந்தேன். கடல் என்ற வரியை முதலில் அடித்தேன். அதைத் தீட்டியவரிடம் இருந்தது துணியும் சாயமும்தான், அதை வைத்து அம்மாவுக்குக் கடலைக் காட்டிவிட்டார். மழையையும் நரையையும் அடித்தேன். தலையில் அடிபட்ட நினைவைக் கொஞ்சம் யோசித்து அடித்தேன், அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒன்பதாவதை மட்டும் அடிக்கவில்லை. அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது என்று அலுவலகத்தில் பழைய படங்களைப் பற்றிச் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்திலேயே ஒருத்தி எழுந்து போயிருக்கிறாள். ஒரு கொல்லை நிறையப் பெண்கள், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, அடித்தது அவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். காரணம் கட்டத்தில் இருந்த சொல்லை அழித்துவிட்டு, தப்பு என்று எழுதினேன். அது அன்றைக்கும் தப்புதான்.

மறுநாள் காலை களத்தில் வத்தல் பரப்பிக் கிடந்தது. அம்மாவும் அத்தையும் இன்னும் நாலு பெண்களும் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, அந்தப் படத்துல சத்தம் மட்டும் வாராப்புல போட முடியுமா?"

"முடியும்மா."

"இங்கன போடு. கதவு சாத்துற வரைக்கும் போதும்."

போனை எவர்சில்வர் குண்டாவுக்குள் வைத்தேன். சத்தம் நன்றாகவே எழும்பியது. தாவுவதற்காகக் குறித்துவைத்திருந்த நிமிடக் கணக்கு கையில் இருந்தது, அதையே இப்போது நிறுத்துவதற்கு வைத்துக்கொண்டேன். அம்மாவின் உதடு மறுபடி படத்துக்கு முன்னால் ஓடியது. "சும்மா இருக்கமாட்டேன்!" என்றதும் அவளும் அத்தையும் ஒன்றாகக் கை தட்டினார்கள். எல்லாரும் தும்மினோம். நாலு காலடி, கதவு.

நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள் எதிரே இருந்த பெண்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க மதினி."