ஆற்றங்கரைத் துண்டைத் தள்ளியவர்

பிரான்சின் மெதோக் பகுதியில் உள்ள பெய்ருலெட் திராட்சைத் தோட்டத்தார் வெளியிட்ட வரலாற்றுச் சிறுநூல், ஆற்றங்கரைத் துண்டின் கொடிகள் ஒயின் நிலவறைத் தலைவர் ஃபுல்பேர் தார்த்திக்கின் ஆலோசனைப்படி பிடுங்கப்பட்டன என்கிறது. அவரிடம் பீப்பாய் கழுவியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது பாதி உண்மை.

பூச்சி வேரைத் தின்று தோட்டமே அழிந்தபின், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி அந்தத் துண்டை எழுப்பியவர் ஃபுல்பேரின் பாட்டனார். அங்கே விளைந்தது பெத்தி வெர்தோ. எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுக்கும் கறுப்புத் திராட்சை. பழைய குடும்பம் தோட்டத்தை விற்ற பிறகு வந்த மேலாளர் வோக்லன், அவ்வாண்டு அது முதல்தர ஒயினில் சேராவிட்டால் கொடிகளைப் பிடுங்குவதென அறிவித்தார்.

எந்தத் துண்டின் ஒயின் எந்தத் தரத்தில் சேரும் என்று முடிவுசெய்யும் கலவை நாளில் புட்டிகளுக்குத் துணியுறை மாட்டி ருசிப்பது எங்கள் வழக்கம். எந்தத் துண்டு எதுவென்று எவருக்கும் தெரியாது. உறையை நீக்கியபின் சொன்ன கருத்தை மாற்றுவதும் கிடையாது.

மூன்றாம் புட்டியை ருசித்த ஃபுல்பேர் முகம் சுளித்தார்.

"இது என்னய்யா, ஆணியைச் சப்புற மாதிரி இருக்கு! ரெண்டாம் தரத்துல போடுங்க."

உறை நீங்கியது. ஆற்றங்கரைத் துண்டு.

வோக்லன் சிரித்தார். "நான் ஒண்ணும் சொல்லல தார்த்திக் ஐயா. உங்க வாய்தான் சொல்லுச்சு."

மாதிரி எடுத்தவர் வோக்லனே. அதற்கு முந்தைய நாள்தான், கந்தகம் கொளுத்திய பீப்பாய்களுக்கு அந்த ஒயினை மாற்றியிருந்தோம். அன்றைய வேலைச் சீட்டு இன்றும் என்னிடம் உள்ளது. மாற்றிய ஒயின் சில வாரங்கள் மணம் ஒடுங்கிக் கிடக்கும்.

நிலவறைப் படியில் ஃபுல்பேரை மறித்தேன்.

"அண்ணே, நேத்துதானே மாத்தினோம்! போய்ச் சொல்லுங்க."

"மேசைய விட்டு எழுந்தாச்சுடா."

"உங்க பாட்டன் நட்ட கொடி அண்ணே!"

"போன வருஷம் லாபோர்த் பார்த்துக்கிட்ட துண்டத் தள்ளினேனே. மனுசன் அழுதான். மாத்திச் சொன்னேனா? இப்ப எனக்குன்னா மட்டும் மாத்துவேனா?"

நான் வோக்லனிடம் எழுத்தில் முறையிட்டேன். பதிலாக என்னைப் புட்டி கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பிப்ரவரியில் டிராக்டர் வந்தது. பிடுங்கிய கட்டைகளை எவரும் அடுப்புக்கு எடுத்துப் போக ஃபுல்பேர் விடவில்லை. வரப்பிலேயே குவித்து எரித்தார்.

ஏப்ரலில் அந்த ஒயின் மலர்ந்தது. காலிப் பெட்டி எடுக்கப் போன எனக்கு நிலவறை வாசலிலேயே ஊதாப்பூ மணம் அடித்தது. வோக்லன் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

"பிரமாதமா வந்திருக்கே! முதல் தரத்துல கொஞ்சம் சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்குங்க ஐயா," என்றார் ஃபுல்பேர். "அடுத்த வருஷத்துக்கு எங்க போவீங்க?"

ஃபுல்பேர் தம் கிண்ணத்திலிருந்ததைத் துப்பாமல் விழுங்கினார். வேலை நேரத்தில் ருசித்ததையெல்லாம் துப்பிவிடும் அவர் விழுங்கி நான் அன்றுதான் பார்த்தேன். ஓய்வு பெறும்வரை கலவை மேசையில் தம் இடத்தில் அமர்ந்தார். ஆனால் புட்டி அவர் முன் வரும்போதெல்லாம், "முதல்ல மத்தவங்க சொல்லட்டும்," என்பார்.